ஸ்டெல்லா எனக்காக நேர்ந்துகொண்டது

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் தூறல். கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே. பள்ளி ஆபீஸில் நாள் முழுக்க டி.சி. வேலை. வாங்க வேண்டியது: மாத்திரை, பால், அவருக்கு பிளேடு.

பேஸ்புக்கில் தீராத வலிக்காரர்களுக்கென்று ஒரு குரூப். நாத்தனார் ஸ்டெல்லாதான் என்னைச் சேர்த்துவிட்டாள், அவளும் துணைக்குச் சேர்ந்துகொண்டாள். இன்று யாரோ, "வலி பத்துக்கு எவ்ளோ?" என்று கேட்டிருந்தார்கள். வழக்கமாக ஒன்பது. இன்று நாலு போட்டேன். "இன்னிக்கு பரவாயில்ல, மாதாவுக்கு நன்றி" என்றும் எழுதினேன். ஒரே ஹார்ட்டின் மழை. ஒன்பது போட்டால் இஞ்சிச் சாறு குடி, கோதுமையை நிறுத்து, "எல்லாம் மனசுதான் சிஸ்டர்." நாலுக்குத்தான் ஹார்ட்டின். ஏன்?

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டில் அன்பியக் கூட்டம். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. ஜெபமாலை, வாசகம். சாட்சி சொல்லும் நேரத்தில் ஸ்டெல்லா எழுந்தாள்.

"எங்க அண்ணிக்கு ரெண்டு வருஷமா ஒடம்பு பூரா வலி. மாதா எடுத்துட்டாங்க. அண்ணியே போட்டிருக்காங்க, பாருங்க." போனைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டல். அதோடு விட்டாளா? "அண்ணிக்கு சரியானா வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவாங்கன்னு நேர்ந்துக்கிட்டேன். ஞாயித்துக்கெழம நம்ம பாதயாத்திரை குரூப்போட கெளம்புறாங்க."

எனக்காக இவள் நேர்ந்துகொண்டாளாம், நடப்பது நானாம். வாயைத் திறக்கப் போனேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? அதற்குள் இடுப்பிலிருந்து கழுத்து வரை வலி ஆரம்பித்துவிட்டது. சுண்டலில் உப்பு ஜாஸ்தி.

ஆகஸ்ட் 21, வியாழன்

பேஸ்புக் குரூப்பிலேயே கேட்டேன். வலி போகவில்லை, இன்று எட்டு, போய்விட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள், நடக்கச் சொல்கிறார்கள், என்ன செய்ய? ஸ்டெல்லா பார்ப்பாள் என்று தெரியும். பார்க்கட்டும் என்றுதான் போட்டேனோ?

வந்த பதில்கள்:
- நம்பி நடங்க, வழியிலேயே போயிடும்.
- நடந்தா படுத்துருவீங்க. எனக்கு ஆச்சு.
- திங்கக்கெழம நாலு, இப்ப எட்டா? நாடகம்.
- எங்க தைலம் யூஸ் பண்ணுங்க, இன்பாக்ஸ் வாங்க.

ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் ஒருத்தி தனியாக மெசேஜ் அனுப்பினாள். "நல்லா இருக்குன்னு ஒரு நாள் சொன்னேன், மறுநாள்ல இருந்து மாவாட்டுறது மொதக்கொண்டு என் தலையில. நல்ல நாள வெளிய சொல்லவே மாட்டேன்க்கா." சரிதான். ஆனால் அதுவும் பொய்தானே? தலை சுற்றுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

வெயில். ஸ்டெல்லா வந்தாள். உட்காரவில்லை.

"அப்ப நான் மாதா முன்னால பொய் சாட்சியா சொன்னேன் அண்ணி?"

"இல்ல ஸ்டெல்லா. அன்னிக்கு நெஜமாவே கொறஞ்சிருந்துச்சு."

"அப்புறம் எப்படித் திரும்ப வரும்?"

எனக்கு மட்டும் தெரியுமா? டாக்டரும் அப்படித்தான் கையை விரித்தார். வீட்டுக்காரர் டிவியிலிருந்து திரும்பாமலே, "கூட்டத்துலயே சொல்றதுக்கு என்ன?" என்றார். நல்ல கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

"நேர்ந்தது நானு. நானே நடக்குறேன்." காபி குடிக்காமலே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

புழுக்கம். மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு, யாத்திரைக்காரர்கள் தங்கியிருந்த சிதம்பரம் மண்டபத்துக்குப் போனேன். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் கட்டும் காவிப் புடவையில் சுவரோரம் ஸ்டெல்லா. இரண்டு பாதத்திலும் கொப்புளம். கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றை ஊட்டிவிட்டேன். கெண்டைக்காலைப் பிடித்துவிட்டேன். என் விரல்கள் எரிந்தன, சொல்லவில்லை.

"தூக்கமே வரல அண்ணி. பொரண்டு படுக்க முடியல. யாராச்சும் பேசுனாலே எரிச்சலா வருது." என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒங்களுக்கு தெனமும் இப்படித்தான் இருக்குமா?"

இரண்டு வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "சேச்சே, இவ்ளோலாம் இல்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?