காது வைத்த பவுன் காசுகள்

என் மரகதம், என் வாயாடி,

நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? "போங்க, கேக்குற கேள்வியப் பாரு" என்பாய். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடுகிறார்களாம். நாலு பேர் படிக்கட்டும். சொந்தப் பெண்டாட்டியோடு பேச எனக்கென்ன வெட்கம்?

இங்கே மலாக்காவில், நம் காஜா பெராங்கில், மத்தியான மழை இப்போதுதான் ஓய்ந்தது. தெங்கேரா பக்கமிருந்து கடல் காற்று வருகிறது. சாய்வு நாற்காலியில் சாய்ந்தால் கண் தானாகச் செருகுகிறது. அப்போதுதான் நீ வருகிறாய். முகம் தெளிவாகத் தெரிவதில்லை. கழுத்தில் மட்டும் ஏதோ கலகலவென்று ஒலிக்கும், மெல்ல, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. நீ இருந்தவரை தாலியும் ஒரு மெல்லிய சங்கிலியும் தவிர உன் கழுத்தில் வேறெதையும் நான் பார்த்ததில்லை. பிறகு அது என்ன சத்தம்? விழித்துப் பார்த்தால் ஜன்னல் திரைதான் ஆடிக்கொண்டிருக்கும்.

நீ போன மறு வருஷம் மெர்டேக்கா வந்தது, மலாயாவுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் புதுக் கொடி. உன் தம்பி மாணிக்கம் சைக்கிளில்கூட ஒன்றைக் கட்டிக்கொண்டு சுற்றினான். நம் செல்விக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. பையனுக்கு ஊர் புக்கிட் பாரு, லோரி ஓட்டுகிறான். கூச்சப்படாமல் இரண்டாம் தரம் சோறு கேட்கிறான், உனக்குப் பிடித்துப்போகும். ஆனால் கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமே. அதனால்தான் அந்தப் பெட்டியை வெளியே எடுக்கும்படி ஆயிற்று.

எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? துறைமுகக் கிடங்கில் ராத்திரி வேலை பார்த்த காலத்தில், கப்பல்காரர்களிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த ஐந்து இங்கிலீஷ் பவுன் காசுகள். கொண்டை போட்ட இளம் ராணி, குட்டிக் கிரீடம் வைத்த நடுவயது ராணி, முக்காடு போட்ட கிழ ராணி, மூன்றும் ஒருத்தியேதான், பிறகு அவள் மகன் வழுக்கை ராஜா, அவர் மகன் தாடி ராஜா. விட்டுப்போகாமல் ஒரு வரிசை. பெட்டி என்னுடையது, சாவி உன் இடுப்பில். தீபாவளிக்குத் தீபாவளி திறந்து, துணியால் பட்டும் படாமலும் ஒற்றிவிட்டு மூடிவிடுவேன்.

"அடுத்தவன் பொண்டாட்டி மூஞ்சியத் தொடைக்கிறதுல என்னா அக்கறை! என் மூஞ்சிய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்பாய். "கழுத்துல போடாத பவுனு எதுக்குங்க?" என்றும் கேட்பாய்.

"அடியே, இது நகை இல்ல, செட்டு. கை பட்டாலே மதிப்புப் போயிடும்" என்று எரிந்து விழுவேன்.

இப்போது மாணிக்கம் என்ன சொல்கிறான் தெரியுமா? "வெள்ளைக்காரனே மூட்டையக் கட்டிட்டான். அவன் தலைய இன்னும் பொட்டியில பூட்டி வெச்சுக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க? இப்பவே வித்துடுங்க மச்சான், நாளைக்கி எவனும் சீண்ட மாட்டான்."

அவனுக்கு என்ன தெரியும்! ஜப்பான்காரன் காலத்தில் வாழை மரம் போட்ட நோட்டெல்லாம் குப்பைக்குப் போனது. இந்த ஐந்தும் அப்படியே இருந்தன. ராஜா போனால் பவுனும் கூடவே கப்பலேறிவிடுமா? வைத்திருந்தால் செட்டுக்கு விலை ஏறும் என்பது என் கட்சி. ஆனால் விற்றால் செல்வியின் கல்யாணப் பந்தல் தெருவையே அடைக்கும். வைப்பதா, விற்பதா? நீ இருந்திருந்தால் ஒரே அதட்டலில் முடித்திருப்பாய்.

கடைசியில், விலையாவது கேட்போம் என்று மலாக்கா டவுனில் பழைய காசு வாங்கும் காதர் பாயிடம் போனேன். பாய் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு இளம் ராணியைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். ஐந்தையும் ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

"அண்ணே, இது காது வெச்சுக் கழட்டுன காசு" என்றார்.

மாலையில் கோப்பதற்காகப் பத்தர் ஒட்டுகிற சின்ன வளையத்தைத்தான் காது என்கிறார். பூதக்கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். ஒவ்வொரு தலைக்கும் நேர் மேலே, விளிம்பில், பற்றுவைத்துத் தேய்த்த ஒரு தழும்பு. என் கிழட்டுக் கண்ணில் அது பட்டதே இல்லை.

"சேக்குறவங்க இதத் தொட மாட்டாங்க, செட்டு வெலை கெடைக்காது. தங்க வெலைக்கு வேணா நான் எடுத்துக்குறேன். ஆனா உருக்கத்தான் போவும்."

"யாரு பாய் இதுக்குக் காது வெச்சது?"

"அத வீட்டுலதான் கேக்கணும்" என்று சிரித்தவர், நீ இல்லாதது நினைவுக்கு வந்து, "தேத்தண்ணி சொல்லட்டா?" என்றார்.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்த கோபத்தில் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு நடந்தேன். வழி நெடுக உன்னைத்தான் திட்டினேன். நடுரோட்டில் தனியாகக் கத்திக்கொண்டு போகிற கிழவனைப் பார்த்து ஒரு மீன்காரன் வண்டியை ஒதுக்கி வழிவிட்டான்.

வீட்டில் செல்வி துணிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அம்மாதாம்பா. நீங்க ராத்திரி வேலைக்குப் போன கடைசி வருசம். தீபாவளி முடிஞ்சதும் பத்தர்கிட்ட குடுத்துக் காது வெச்சுக்கிட்டாங்க. நீங்க மத்தியானம் தூங்குவீங்கள்ல, அப்ப போட்டுப்பாங்க. கண்ணாடியில பாத்துட்டு, உங்க கட்டில்கிட்ட வந்து நிப்பாங்க. 'முழிச்சா திட்டட்டும், ஆனா பாத்துட்டுத் திட்டட்டும்'பாங்க. நீங்க முழிக்கவே இல்லப்பா. 'தூங்குமூஞ்சி மனுசன்'னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. அடுத்த தீபாவளிக்குள்ள கழட்டிட்டாங்க."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஈரத் துணிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அந்தச் சத்தம் கனவு இல்லையா, மரகதம்? அரைத் தூக்கத்தில் நான் நிஜமாகவே கேட்டிருக்கிறேனா? என்ன புடவை கட்டியிருந்தாய்? நடுவில் யாரைக் கோத்திருந்தாய், இளம் ராணியையா? இன்னும் கொஞ்சம் பலமாகக் குலுக்கியிருக்கக் கூடாதா? நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை நான். செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

விற்கவில்லை. பெட்டியில் திரும்ப வைக்கவும் இல்லை. மறுநாளே ஐந்தையும் பத்தரிடம் கொடுத்து, பழைய தழும்பின் மேலேயே காது வைத்து மாலையாகக் கோக்கச் சொல்லிவிட்டேன். "அநியாயத்துக்குச் செட்டக் கெடுக்குறீங்களே மச்சான்!" என்று மாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும். கல்யாணம் கோயிலில், சாப்பாடு நம் வீட்டு வாசலில், பந்தல் சின்னதுதான். செல்வி முதலில் வேண்டாம் என்றாள். "அது அம்மாவோடதுப்பா" என்றாள். அதனால்தான் போடச் சொல்கிறேன் என்றேன்.

கல்யாணத்தன்று அந்த மாலையைப் போட்டுக்கொண்டு அவள் என் முன்னால் வந்து நிற்பாள். கூடவே நீயும் வந்து நில். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் கண்ணை மூடமாட்டேன்.

உன் தூங்குமூஞ்சி வீட்டுக்காரன்,
கோவிந்தன்