ஸ்டாஃபுக்கு இல்லாத பாத்ரூம்

நவம்பர் 12, செவ்வாய். இரவு.

சாப்பாடு இறங்கவில்லை. தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

பெங்களூரு சாலை நெடுக மோட்டல் நடத்தும் எங்கள் கம்பெனிக்கு இன்று புதிதாக ஞானம் பிறந்திருக்கிறது. கஸ்டமர் பாத்ரூமுக்குள் ஸ்டாஃப் போகக் கூடாதாம். பார்க்க நன்றாக இல்லையாம். ஸ்டாஃபுக்கென்று தனியாக ஒன்று கட்டினார்களா என்றால், அதுவும் இல்லை. அம்பத்தூர் ஹெட் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூத்திரமே வராது போலிருக்கிறது. திருமழிசை மோட்டலுக்கு நான் சூப்பர்வைசர் என்பதால், இதைச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பெண்கள் பாத்ரூமைக் கழுவும் கலா அக்கா முதலில் சிரித்துவிட்டார்.

"இன்னா கண்ணு சொல்ற? நாள் பூரா கயுவுறதே நான். எனுக்கு வந்தா எங்க போறது?"

"ஹெட் ஆபீஸ் ஆர்டர்க்கா. நான் என்ன பண்றது?" என்றேன். தூ, இதெல்லாம் ஒரு பதிலா?

மத்தியானம் கொட்டுகிற மழையில் அவர் பின்பக்கத்து முள்ளுக்காட்டுக்குப் போய்விட்டு, முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தார். வந்ததும் மறுபடி மாப்பை எடுத்துக்கொண்டார்.

சூப்பர்வைசரும் ஸ்டாஃப்தான். ஆனால் சாயங்காலம் என்னால் அடக்க முடியவில்லை. ஐடி கார்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வந்த பெண்களோடு வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தபோது கலா அக்கா உள்ளே துடைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"க்ளீனாத்தாங் கீது. போங்க மேடம்" என்றார்.

போனேன்.