கிறுகு என்று சொல்லியிருந்தால்

காரை எடுத்ததும் கைத்தொலைபேசி வழக்கம்போலத் தமிழில் வழிசொல்லத் தொடங்கிவிட்டது. "இடதுபுறம் திரும்பவும்." அதைத் திட்டுவதற்குப் பக்கத்து இருக்கையில் நீ இல்லை.

"கிறுகு எண்டு சொல்லன்டி" என்பாய் அந்தக் குரலைப் பார்த்து. உங்கள் மட்டக்களப்பில் வண்டியும் மாடும் திரும்புவதில்லை, கிறுகும். திரும்புவது என்றால் உனக்குப் போன வழியே வருவதுதான். யாழ்ப்பாணத்தானான எனக்கு இரண்டுக்கும் ஒரே சொல். நாட்டை விட்டு வந்து ஸ்ரௌவ்வில்லில் நீ வீடு வாங்கிய புதிதில், எல்லா வீதியும் அச்சில் வார்த்தது மாதிரி இருக்க, நாங்கள் வழி தெரியாமல் சுற்றிய நேரமும் இதே சண்டைதான். பின்னாலிருந்து உன் மனைவி சிரிப்பாள். அவளுக்கு அது வெறும் பகிடி. நானும் கூடச் சிரித்து வைப்பேன்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில், இராணுவ முகாமொன்றைத் தாக்கிய அந்த விடியற்காலை, நீ கூட்டிப்போன அணியில் நான் இருந்தேன். வயல்வெளியைக் கடந்து, முள்ளுக்கம்பியை வெட்டி, முகாமின் முதல் மண் அணையைப் பிடித்துவிட்டோம். அதற்குமேல் ஒன்றும் சரிவரவில்லை. பின்னால் வரவேண்டியவர்கள் வரவில்லை, ஷெல்தான் வந்தது. எங்களுக்கு இடப்பக்கம் செழியனின் அணி. என்னைப்போல யாழ்ப்பாணத்தான், பருத்தித்துறைக்காரன். பிறகு என்பதற்கு நீ "மறுகா" என்று வாயெடுத்தால் போதும், அன்று முழுக்க உன்னைப் பழித்துக் காட்டுவான்.

வோக்கியில் பொறுப்பாளரின் குரல் இரைச்சலுக்குள் வந்தது. "திரும்பி" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. நீ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே பின்வாங்கினாய். செழியன் போறன் என்பது மாதிரி உன் பக்கம் கையைக் காட்டிவிட்டு, தன் ஆட்களோடு அணையின் இடப்பக்கமாகத் திரும்பி ஓடினான். அவர்களில் ஒருவரும் வரவில்லை. அன்று மத்தியானம் பொறுப்பாளரும் செத்துப்போனார். அவர் சொன்னது என்னவென்று கேட்க ஆளில்லாமல் போயிற்று.

நீ மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாய். எத்தனை பேரை அழித்த சண்டை அது, எத்தனை பிழை அதில். ஆனால் உனக்கு அந்த ஒரு சொல்தான். கோப்பிக் கடையில் ஒருநாள் சொன்னாய்: "அவர் இடப்பக்கம் போகத்தான் சொன்னவர் எண்டா, செழியன்ட பக்கத்தை வெறுமையா விட்டுட்டு வந்தவன் நான்தான் மச்சான்." அப்படி இருக்காது என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை.

செழியனின் அக்கா பிக்கரிங்கில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, 401 நெடுஞ்சாலையில் அங்கே போக வலப்பக்கம் பிரியும் அந்த இறக்கம் வரமுன்னமே நீ இடது லேனுக்குப் போய்விடுவாய். அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம். "மறுகா ஒருநாள் போவம்" என்பாய். அந்த மறுகா வரவேயில்லை.

உன் செத்தவீட்டுக்கு அக்கா வந்தாள். நீ கிடந்த பெட்டியடியில் கனநேரம் நின்றாள். பிறகு, நானும் உன் அணிதான் என்று யாரோ சொல்ல, என்னிடம் வந்தாள்.

"இவர் ஏன் தம்பி ஒருநாளும் எங்கட வீட்டை வரேல்லை?"

"திரும்பி" என்ற ஒரு சொல்லால் வந்த பயம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள்.

"பொறுப்பாளர் திரும்பி வாங்கோ எண்டுதான் சொன்னவராம். பொறுப்பாளரோட நிண்ட வோக்கிப் பிள்ளை அப்பவே எங்கட வீட்டை வந்து அழுதழுது சொன்னது. எங்கட தம்பிதான் பிழையா விளங்கிட்டான். இவரில எங்களுக்கு என்ன கோவம்? அவனைக் கடைசியாக் கண்ட ஆள் எண்டு, ஒருக்கா வருவார், கேப்பம் எண்டெல்லோ பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

அதைக் கேட்டதும் எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்த இறக்கத்தில் ஒரே ஒருமுறை இறங்கியிருந்தால் நிம்மதியாகக் கிடந்திருப்பாயே. பெட்டிக்குள் குனிந்து, அக்கா சொன்னதை உன் காதில் சொன்னேன். பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அழுதேன்தான்.

இன்றைக்கு நான் 401இல் வலது லேனில் போய்க்கொண்டிருக்கிறேன். செழியன் கையைக் காட்டிவிட்டுத்தான் ஓடினான் என்பதை அக்காவுக்குச் சொல்ல வேண்டும். உன்னிடமிருந்து அவளுக்குப் போய்ச் சேரவேண்டிய அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பிக்கரிங் இறக்கம் வருகிறது. இந்தமுறை நானே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கிறுகு மச்சான்.