காஸ்கட் தாளில் ஒரு பூச்சாடி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.01.2024

அன்புள்ள கிறிஸ்தோபர் மச்சானுக்கு,

மேர்வின் எழுதுகிறேன். உறையின் பின்பக்கத்தில் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்ததற்கு நன்றி. கைத்தொலைபேசியில் நீங்கள் என்னைத் தடுத்து வைத்து ஏழு வருஷம். சூரிச் தபால்காரனைத் தடுக்க ஏலாது என்றுதான் பேனையை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை கண்டால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் தங்கச்சிக்கு முழங்கால் உபத்திரவம், எனக்கு உங்கள் தங்கச்சி உபத்திரவம். படகு எஞ்சின் திருத்துகிற வேலை குறைவில்லாமல் வருகிறது.

விஷயம் இதுதான். இளையவள் தர்ஷனாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. பாலையூற்றுப் பெடியன், ஓகஸ்ட் 17ஆம் திகதி. எல்லாம் சரி என்று இருக்கும்போது, "மாமா வராமல் நான் கோயில் படி ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். இருப்பது ஒரு தாய்மாமன். அவரும் என் வாயால் போனவர்.

நான் மறக்கவில்லை. மூத்தவளின் கலியாண மண்டபத்தில் ஒலிவாங்கி கையில் கிடைத்த புளுகத்தில் தலைகால் தெரியாமல், மேசையில் பூவோடு இருந்த உங்கள் அப்பாவின் கண்ணாடிச் சாடியைத் தூக்கிக் காட்டி, "இது என்ர மாமனார் நேவித் துரை பங்களாவில களவெடுத்துத் தந்த சீதனம்" என்றேன். சபை சிரித்தது. நீங்கள் சாப்பிடாமல் எழும்பிப் போனீர்கள்.

மாமா, அதுதான் உங்கள் அப்பா, இளவயதில் வெள்ளைக்கார நேவித் துரையின் குசினியில் சமையல் வேலை செய்தவர். 1957இல் அவர்கள் கப்பலேறிய பிறகுதான் துறைமுகத்தில் படகு ஓட்டினார். சாடி ஒரு கப்பல்காரன் தந்தது என்று அவர் சொன்னதை ஊர் நம்பவில்லை. நானும் ஊரோடு சேர்ந்து சிரித்தவன்.

இப்போது அந்தச் சாடியை யார் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது என்று கண்டுபிடிக்க இறங்கியிருக்கிறேன். 57க்குப் பிறகு செய்த சாமான் என்றால், அதைத் துரை வீட்டில் எடுத்திருக்கவே ஏலாது. சொன்ன வாயாலேயே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அடியில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. நான்கு படம் வைத்திருக்கிறேன். அங்கே கண்ணாடி தெரிந்த ஆட்கள் இருப்பார்கள், காட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களால் தடைசெய்யப்பட்ட
மேர்வின்


சூரிச்
09.02.2024

மேர்வினுக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் காட்டினேன். தெளிந்த கண்ணாடி என்பதால் படத்தில் உங்கள் வீட்டு யன்னல்தான் தெரிகிறது, சாடி தெரியவில்லை என்றார். பெயரில்லாத சாடிகளைச் செய்த ஆலைகள் ஆயிரம் இருக்குமாம். இதோடு விட்டுவிடும்.

கலியாணத்துக்கு வர ஏலாது. தர்ஷனாவுக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சி சீலாவின் முழங்காலை நல்ல வைத்தியரிடம் காட்டவும்.

கிறிஸ்தோபர்


திருகோணமலை
10.03.2024

அன்புள்ள மச்சான்,

விட்டுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழேயே முழங்காலை விசாரித்திருக்கிறீர்கள். விட்டுவிடுகிற மனுசன் முழங்காலை விசாரிக்கமாட்டான். ஆகையால் நான் விடவில்லை.

டவுனில் பழைய தளபாடக் கடை வைத்திருக்கும் ஹஸ்மியிடம் சாடியைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனேன். அவர் உள்ளே போய், துரைமார் வீட்டில் இருந்து அந்தக் காலத்தில் வந்த சாடி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க மேர்வின். துரைமார்ட சாமான் இது. வெட்டுக் கண்ணாடி, பூப்பூவா வெட்டியிருக்கு. உங்கட சாமான் மரப்பட்டை மாதிரிச் சொரசொரண்டு இருக்கு. ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள் இல்ல."

"அப்ப ஆர் பெத்த பிள்ளை இது?"

"எஞ்சின் திறக்கிற ஆள் நீங்க. நீங்க சொல்லுங்க."

அந்தப் பேச்சு எனக்குள்ளே நின்றுகொண்டது. வீட்டுக்கு வந்து, பூச்சாடி என்பதை மறந்து, ஒரு எஞ்சின் மூடி என்று நினைத்துக்கொண்டு தடவினேன். வார்த்த சாமானில் அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு இருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். இதிலும் தட்டுப்பட்டது. பட்டை வரிகளுக்குள்ளே ஒளித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு கோட்டுக்குக் கிட்ட ஒரு கணு. கணுவில் இருந்து கீழே ஒரு வெடிப்பு. அழகுக்கு வரி செதுக்குவார்கள், வெடிப்பைச் செதுக்கமாட்டார்கள். அச்சே மரம் மச்சான். அந்த மரத்தின் வெடிப்புத்தான் கண்ணாடியில் இறங்கியிருக்கிறது.

படத்தில் தெரியாததைக் காட்ட எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. எஞ்சினில் ஒயில் கசியாமல் இரண்டு இரும்புக்கு நடுவே வைக்கிற காஸ்கட்டை வெட்டும்போது தாளை இரும்பின் மேல் வைத்து, ஒயில் பட்ட பெருவிரலால் தேய்ப்போம். மேடு பள்ளமெல்லாம் தாளில் கறுப்பாக எழும்பும். சாடியைச் சுற்றி மெல்லிய தாளைக் கட்டி அப்படியே தேய்த்தேன். மரம் முழுதாக வந்தது, கணுவோடும் வெடிப்போடும். சீலா பார்த்துவிட்டு, "அப்பான்ர சாடிக்கு ஒயில் பூசுறீங்களோ" என்று தும்புத்தடியைத் தூக்கினாள். தாள் இதோடு இருக்கிறது. கையில் ஒட்டினால் மண்ணெண்ணெயால் கழுவுங்கள்.

ஒன்றை மட்டும் பகிடி இல்லாமல் எழுதுகிறேன். சாடி துரை வீட்டுச் சாமானாகவே இருந்தாலும் நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. யார் செய்தது என்று தெரியவந்தாலும் வராவிட்டாலும் அது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேர்வின்


சூரிச்
30.05.2024

அன்புள்ள மேர்வின்,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. உம்முடைய தாள் என் மேசைவிரிப்பைப் பழுதாக்கியது. ஆனால் அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. முந்தின பழைய சாமான்காரரிடமே கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்தார். மர அச்சில் இப்படி ஊதுகிறவர்கள் வடநாட்டுக்காரர்கள், பின்லாந்தில் விசாரியும் என்றார்.

அங்கே பழைய கண்ணாடிச் சாமான்களைப் பாதுகாக்கிற ஒரு நூதனசாலைக்கு என் மகள் எழுதினாள். தாளையே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். போன கிழமை பதில் வந்தது.

லெஹ்திமா என்று ஒரு சின்ன ஆலை இருந்திருக்கிறது. இப்போது இல்லை. பெயரைத் தாளில் அச்சடித்து ஒட்டித்தான் விற்பார்களாம், ஒருமுறை கழுவினால் போய்விடும். ஆலை மூடியபோது மர அச்சுகளை நூதனசாலை எடுத்து வைத்திருக்கிறது. அங்கே பொறுப்பாக இருக்கிற அம்மா, உம்முடைய தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அச்சாகப் பார்த்திருக்கிறார். ஒன்றில் கணுவும் வெடிப்பும் அப்படியே பொருந்தினவாம். 1965இல் அந்த ஆலையின் தச்சன் செதுக்கிய அச்சு. சூடான கண்ணாடி பட்டுக் கருகி இரண்டு வருஷத்தில் கைவிட்டுவிட்டார்களாம். துரைமார் போய் எட்டு வருஷத்துக்குப் பிறகு பிறந்த சாடி, மேர்வின். அப்பா சொன்னது உண்மை.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது.

நீர் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர். வாசித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு நான் எழும்பிப் போனது நீர் பொய் சொன்னதற்காக அல்ல. உண்மையைச் சபையில் சொல்லிவிட்டீர் என்று நினைத்துத்தான் போனேன். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் பெடியள் பழித்துச் சொன்ன நாளில் இருந்து, அப்பா எடுத்தவர் என்றே நம்பியிருந்தேன். ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை. அந்தச் சாடி இருந்த அறையில் நான் இருக்கமாட்டேன். அவர் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பாரா?

நீர் ஒருநாள் பகிடி விட்டீர். நான் ஆயுள் முழுக்க நம்பினேன். எந்த முகத்தோடு சீலாவுக்கு முன்னால் வந்து நிற்பது? இதை அவவுக்கு வாசித்துக் காட்டும். அவ வரவேண்டாம் என்றால் நான் வரமாட்டேன். அவ சொல்வதை அப்படியே எழுதும்.

அன்புடன்,
கிறிஸ்தோபர்


திருகோணமலை
19.06.2024

அன்புள்ள மச்சான்,

கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. சீலா குசினியில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கதிரையை வாசலில் போட்டு, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தேன். பின்லாந்து வந்த இடம் வரைக்கும் அவள் கையில் கத்தி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் நம்பியிருந்ததாக எழுதிய இடத்தில் நின்றுவிட்டது.

"அண்ணனுமோ?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து, கடிதத்தை வாங்கி அந்த இடத்தைத் தானே வாசித்துப் பார்த்தாள்.

"அந்தக் கப்பல் குசினிக்காரன்ர கதையை அப்பா எனக்கு எத்தினை தரம் சொன்னவர். வயித்துக்குத்து எண்டு துடிச்சவனை அடைமழைக்குள்ள படகில ஏத்தி, ஆசுப்பத்திரியில விட்டு, மூண்டு நாள் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தவர். சுகமாகிப் போகேக்க தந்திட்டுப் போனவன். எனக்கு ஒருநாளும் சந்தேகம் வரேல்ல. இதுக்குப் போய் ஒயிலும் தாளும்."

"அப்ப ஏன் நீ சொல்லேல்ல?"

"கலியாணத்தண்டே உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள். அண்ணன் கோவத்தில போனவர் எண்டு நினைச்சன். நம்பாமல் போனவர் எண்டு நான் கண்டனானே? ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல."

உண்மைதான் மச்சான். பின்லாந்து வரைக்கும் கேட்டோம், குசினியில் கேட்கவில்லை.

பிறகு அவள் அழுதாள். எனக்குப் பகிடி ஒன்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். இந்த வீட்டில் அது முதல் தடவை. பொழுதுபடத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அண்ணனுக்கு என்ன எழுத என்று கேட்டேன். அவள் சொன்னதை, நீங்கள் கேட்டபடி, அப்படியே எழுதுகிறேன்:

"ஒண்டும் எழுத வேண்டாம். வரச் சொல்லுங்கோ. இதெல்லாம் கடிதத்தில ஏச ஏலாது."

எனக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரே ஏச்சுத்தானாம், நீங்கள் வந்து நிற்கும்வரை தொடங்கமாட்டாளாம். நேற்றில் இருந்து வீட்டில் பேச்சில்லை. மீன்குழம்பு மட்டும் முன்னால் வருகிறது. என்னால் தனியே தாங்க ஏலாது மச்சான். ஓகஸ்ட் முதலாம் திகதியே வந்துவிடுங்கள். விமான நிலையத்துக்கு நானே வருவேன்.

மேர்வின்