சின்ன நாற்காலியில் படித்த சீன மொழி

என்னங்க,

நீங்கள் போன் எடுக்காததைப் பற்றி எழுதப்போவதில்லை.

எனக்குச் சீன மொழி வந்துவிட்டது! நம் குட்டி, இந்த ஊர்க் காப்பகத்துச் சீன ஆயாவிடம் அந்த மொழியில் என்னதான் பேசுகிறாளோ என்ற தவிப்பில் ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் செயலியோடு மண்டையை உடைத்துக்கொண்டும் ஏறவில்லை. பிறகு காப்பகத்திலேயே பொடிசுகள் நடுவே சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து கத்தினேன். "வெக்கப்படாதம்மா, சத்தமா சொல்லு!" என்று அதட்டுவாள் உங்கள் மகள். எப்படியோ ஏறிவிட்டது.

தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் ஆயாவிடம் ஏதோ சொல்வாள். புரியாமலே நானும் சிரித்துத் தலையாட்டுவேன். இன்றுதான் புரிந்தது.

"நாளைக்கு எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போவாரு."

"நெஜமாவா?" என்று ஆயா என்னைக் கேட்டாள். அதுவும் புரிந்தது. பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டேன்.

நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்? எந்த மொழியிலாவது பதில் போடுங்கள்.

உங்கள் மகளின் அம்மா