உட்கார்ந்தே எழுதிய வசூல்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
6.4.2025

தம்பி அன்பழகனுக்கு அக்கா வசந்தாவின் அன்பு.

முழங்கால் வலி தவிர இங்கே சுகம். நீ போனில் சொன்னதைக் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. வாட்ஸ்அப் வேண்டாம். அனுப்பிவிட்டு அழித்துவிடுவாய், போன வருடம் செய்தாயே!

கரண்ட் கம்பியே எட்டாத மடகாஸ்கர் மீனவ ஊரில் உங்கள் கம்பெனி சோலார் விளக்கு வைக்கிறதாம், நான் ஆறு லட்சம் போட்டால் நூற்றுக்குப் பதினெட்டு வருமாம். முப்பத்தெட்டு வருடம் வெயிலில் வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்த்துச் சேர்த்தது மொத்தமே அதுதான். மண்ணெண்ணெய்க்கே காசில்லாதவன் உங்களுக்கு எதைக் கொடுப்பான்? பக்கத்து வீட்டு மேனகா, "தம்பியா இருந்தா என்ன, எழுதி வாங்கிக்கக்கா" என்கிறாள்.

அக்கா
வசந்தா

மடகாஸ்கர்
2.5.2025

அன்புள்ள அக்கா,

என்னையே சந்தேகப்படுகிறாயா? சரி, எழுதுகிறேன். கூரையில் ஒரு தகடு, உள்ளே பேட்டரிப் பெட்டி, மூன்று பல்பு. மாதத் தவணை நம் காசில் ஐநூறு, மண்ணெண்ணெய்ச் செலவைவிடக் குறைவு. கட்டாவிட்டால் பெட்டியைப் பூட்டிவிடலாம், விளக்கு எரியாது. போனிலேயே பூட்டுவது என் வேலை. உலகத்தில் இன்னும் எத்தனையோ ஊர் இருட்டில் கிடக்கிறது, இப்போது பணம் போடுகிறவருக்குத்தான் லாபம். நான் வசூல் பார்க்கும் ஊரின் ஒரு வருடப் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன், பார்.

ஜனவரி தொடங்கி மூன்று மாதம் புயல். ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. கருவாடு தின்று நாக்கு செத்துவிட்டது, உன் வத்தக்குழம்பு வேண்டும். ஜூலைக்குள் பணம் வந்தால் நல்லது.

உன்
அன்பழகன்

முதலியார்பேட்டை
27.5.2025

தம்பிக்கு,

உன் பட்டியலைக் கண்ணாடி போட்டு மூன்று தடவை பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு மாதமும் எல்லா வீடும் கட்டியிருக்கிறது. மூன்று மாதம் படகு போகவில்லை என்று நீயேதான் எழுதுகிறாய்! வீராம்பட்டினத்தில் இப்போது மீன்பிடித் தடைக்காலம், பாதி வீட்டில் கரண்ட் பில் நிற்கிறது. "அடுத்த மாசம் கட்டிடறேம்மா, பீஸப் புடுங்கிடாதீங்க" என்று கையைப் பிடிப்பார்கள். நீ அனுப்பியது வீடு வீடாகப் போய் எழுதியதில்லை, உட்கார்ந்த இடத்தில் எழுதியது.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உனக்கு டைபாய்டு. உன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே ஒரு தெருவுக்கு ரீடிங் எழுதினேன். எல்லாம் ஒன்றுபோல இருந்ததால் மேலதிகாரி பிடித்துவிட்டார். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வசூல் பணத்தை எடுத்துவிட்டாயா? உண்மையைச் சொல்.

அக்கா

மடகாஸ்கர்
24.6.2025

அக்கா,

எடுக்கவில்லை. புயலில் முப்பத்தாறு வீடு மூன்று மாதம் கட்டவில்லை. முதல் வீட்டுப் பெட்டியைப் பூட்டினேன். மறுநாள் அந்த அம்மாள் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, ரிப்பேர் என்று நினைத்து, "சரிபண்ணிக் குடுப்பா" என்றாள். திறந்துவிட்டேன். மற்ற வீடுகளைப் பூட்டக் கை வரவில்லை, கட்டியதாக எழுதிவிட்டேன். ஆகஸ்டில் தணிக்கை. அதற்குள் அந்தப் பாக்கியை அடைக்கத்தான் உன்னிடம் கேட்டேன். பதினெட்டு பர்சன்ட் பொய். மன்னித்துவிடு.

அன்பழகன்

முதலியார்பேட்டை
20.7.2025

தம்பிக்கு,

அந்த அம்மாளை நினைத்து அழுதேன். உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. மேனகாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், "என் தம்பி திருடனில்லடி!"

அப்புறம் பழக்கதோஷம், பேனாவை எடுத்துப் பெருக்கினேன். முப்பத்தாறு வீடு, மூன்று மாதம், ஐநூறு ரூபாய். ஐம்பத்து நாலாயிரம்தான் வருகிறது. ஆறு லட்சம் கேட்டாயே, மிச்சம் எதற்கு?

ஐம்பத்து நாலாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நீ பதில் எழுதிய அன்றே அனுப்புவேன்.

அக்கா

முதலியார்பேட்டை
14.11.2025

அன்பழகா,

நாலு மாதமாக உன் கடிதம் இல்லை, போன் எடுப்பதில்லை. தணிக்கை என்ன ஆயிற்று, வேலையில் இருக்கிறாயா, சாப்பிடுகிறாயா, ஒன்றும் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் உன் பெயர் வந்தது. நீளமாக ஏதோ எழுதியிருந்தாய். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அழித்துவிட்டாய்.

என்ன எழுதியிருந்தாய் தம்பி? நல்லதோ கெட்டதோ, இன்னொரு தடவை அனுப்பு. கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா