காக்கை விரட்டும் முகம்

டகேஹிகோவுக்கு,

சோற்று உருண்டை மேசைமேல் இருக்கிறது. சூப்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் அழிரப்பரையெல்லாம் அச்சு செதுக்கியே தீர்த்துவிட்டேன் என்று உர்ரென்று உட்கார்ந்திருந்தீர்களே, அந்த முகத்தைத்தான் கடைசி ரப்பரில் செதுக்கித் துணியில் அச்சடித்தேன். பக்கத்து வீட்டு ஒகிமுரா அம்மா அதை வாங்கிப்போய்க் குப்பைப் பைமேல் போர்த்தினாராம். "ஒரு காக்காகூடக் கிட்ட வரலம்மா," என்கிறார். இன்று நிஜ முகத்தைப் பார்க்க வருகிறார். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

அச்சில் உங்கள் மச்சம் கன்னம் மாறி விழுந்துவிட்டது. "இவரு வேற ஆளு மாதிரி இருக்காரே" என்று சந்தேகப்பட்டால், கண்ணாடி முன்னால் நின்று காட்டுங்கள்.

சிசுரு

பி.கு.: புது ரப்பர் வாங்கி வருகிறேன். அதில் உங்கள் சிரித்த முகத்தைச் செதுக்க வேண்டும். சாயங்காலம் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரியுங்கள். எப்படியிருக்கும் என்று மறந்துவிட்டது.